ஒரு கோர் சும்மா இருக்கட்டும்

ஷாஹீன்,

கம்ப்யூட்டரை அணைக்காதே. அம்மா ஸ்விட்ச் பக்கம் வந்தால் கையைப் பிடித்துக்கொள். விமான கேமை மூடினால் நான் போட்ட செட்டிங் போய்விடும்.

நேற்று ஓடுபாதைக்கு மேலே படம் விக்கி விக்கி நின்று, உன் விமானம் கவிழ்ந்தது. "கேம்லயே எறக்கத் தெரியல, நெஜ பிளேன் ஓட்டப் போறியா? பைலட் படிப்புக்குக் கையெழுத்து கெடையாது" என்றேன். நீ சாப்பிடாமல் படுத்துவிட்டாய்.

பிராசஸருக்குள் வேலை செய்கிற எல்லா கோரையும் கேமுக்கே கொடுக்கச் சொன்னது நான்தான். பண்ருட்டி முந்திரி வியாபாரி மகனான எனக்கு, காசு கொடுத்து வாங்கிய எதுவும் சும்மா உட்கார்ந்தால் பொறுக்காது. "ஒண்ணை விண்டோஸுக்கு வுடுங்கத்தா" என்று நீ கெஞ்சினாய். விடியற்காலையில் நீ சொன்னபடி ஒன்றை விட்டுப் பார்த்தேன். விக்கவே இல்லை. நான் வேலை பார்க்கும் சுரங்கத்திலும் எல்லாரையும் மண்ணள்ள இறக்கிவிட்டால் கேட் திறக்க ஆள் ஏது?

தூக்கமில்லாமல் ஷிப்டுக்குப் போகிறேன். உடம்பு அடித்துப் போட்டதுபோல இருக்கிறது. ஆனாலும் சாயங்காலம் உன் பக்கத்தில் உட்காருவேன். இடியாப்பம் மூடி வைத்திருக்கிறது, சாப்பிடு.

அத்தா

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: விமானம் இறங்கினால் கையெழுத்து. இறங்காவிட்டால் மறுபடி கிளப்பு. நான் பேனாவை மூடப்போவதில்லை.