அத்தை சொல்லியிருந்தால்

சுவா,
புதன் காலை.

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவின் இருமல் நின்றதா? நான் நலம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

தேர்வில் தேறிவிட்டேன் என்று போனில் சொன்னது பொய், அப்பா. அந்தத் தேர்வுக்கே நான் போகவில்லை. மூன்று வாரமாக வகுப்புக்கும் போகவில்லை. காய்ச்சல் ஒன்றும் இல்லை. புத்தகத்தைத் திறந்தால் எதுவும் மண்டையில் ஏறுவதில்லை. குளிக்கக்கூட எழுந்திருக்க முடியவில்லை. அது தெரியாமல் நீங்கள் பன்றி அறுத்து ஊருக்கே விருந்து வைத்து, என் பங்கை அத்தையிடம் கொடுத்து விமானம் ஏற்றியிருக்கிறீர்கள்.

அத்தை என் தலையைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். "ஏன்டி லேசியேலி, சீப்புக்கும் லீவு விட்டுட்டியா?" என்று சிரித்தார். நான் அழுதுவிட்டேன்.

"சரி விடு, உங்கப்பன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். அக்கா பேச்சுக்கு எதிரா அவன் வாயத் திறப்பானா?" என்றார்.

திறக்க மாட்டீர்கள். டோங்காவில் எந்தத் தம்பி திறந்திருக்கிறார்? அதனால்தான் வேண்டாம் என்றேன். பொய்யும் சொல்லிவிட்டு, உங்கள் வாயையும் கட்டிப்போட எனக்கு மனம் வரவில்லை.

நாளை கல்லூரி ஆலோசகரைப் பார்க்கப் போகிறேன். யாராவது இங்கே வந்தால் தேங்காய் எண்ணெயும் என் பழைய போர்வையும் கொடுத்தனுப்புங்கள். அத்தை ஊருக்குக் கிளம்பி வாசலில் நிற்கிறார். இதை அவரிடம்தான் கொடுக்கிறேன்.

அவர் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் பிரியுங்கள், அப்பா. அப்போதுதான் என்னை வாய்விட்டுத் திட்ட முடியும்.

உங்கள் மகள்,
லேசியேலி