தெக்லேவுக்கு எந்தப் பள்ளி

டிசம்பர் 13

இந்தக் கோபம் தெக்லேவுக்காகவா, எனக்காகவா? நாள் முழுவதும் கேட்டுப் பார்த்தேன். பதில் தெரியவில்லை.

மகளின் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. எட்டாவது முடிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்கள் கூடி எழுதித் தருவார்களாம், அடுத்து எந்த வகைப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று. தெக்லேவுக்கு எழுதியிருப்பது: ஹோட்டல், சமையல் தொழிற்பள்ளி. கீழே ஒன்பது கையெழுத்து, ஒரு முத்திரை.

கணக்கில் பத்துக்கு ஒன்பது வாங்குகிறவள். ஒரு முட்டையைக்கூட ஒழுங்காகப் பொரிக்கத் தெரியாது.

பதினாறு மாதம் முன்பு ஜார்ஜியாவின் திபிலிசியிலிருந்து இத்தாலியின் பாரி நகருக்கு வந்து இறங்கியபோது இத்தாலிய மொழியில் வணக்கம் சொல்லக்கூடத் தெரியாது அவளுக்கு. அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று தோன்றுகிறது.

டிசம்பர் 14

தலைப்பில் "ஆலோசனை" என்றுதான் போட்டிருக்கிறது. ஒன்பது கையெழுத்தும் முத்திரையும் வைத்த ஆலோசனையை நான் வளர்ந்த ஊரில் பார்த்ததில்லை.

டிசம்பர் 15

தெக்லே தாளைப் பற்றி இன்றுதான் பேசினாள், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. "ஃபெதெரிக்காவுக்கு அறிவியல் லிசேயோன்னு போட்டிருக்காங்க. அவ எங்கிட்டதாம்மா கணக்கு காப்பி அடிப்பா."

லிசேயோ என்றால் பல்கலைக்கழகத்துக்கு நேர் வழி. அவளுக்கு நான் நினைத்து வைத்திருந்தது அதைத்தான்.

டிசம்பர் 18

அக்கா ஊரிலிருந்து அனுப்பிய இரண்டு பாட்டில் திராட்சை மது இருக்கிறது. திராட்சைப் பாகில் தோய்த்த வால்நட் சரங்கள் நான்கு. நாளை வகுப்பாசிரியை லோஸ்பல்லூத்தோவிடம் கொண்டு போகிறேன். வேதியியல் படித்தவள் நான், லஞ்சத்தை எதிர்த்து ஊரில் அவ்வளவு பேசியவள் — வேறு என்ன செய்ய? என் அம்மா எனக்காக இதைத்தான் செய்தாள்.

மல்ஹாஸ் சிரித்தான். "ரெண்டு பாட்டிலுக்குப் பள்ளிக்கூடத்தையே மாத்துவாங்கன்னா, நாலு பாட்டில் குடு நாதேலா, நேரா டாக்டராக்கிடலாம்." கணவன் என்று வாய்த்திருக்கிறது.

டிசம்பர் 19

பள்ளி வாசலில் ஆயா வழிமறித்தாள். "என்ன சின்யோரா, பை இந்தக் கனம் கனக்குது? உள்ள ஆட்டுக்குட்டியா?"

லோஸ்பல்லூத்தோ பைக்குள் பார்த்துவிட்டு, அதை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார்.

"எதுக்குங்க இது?"

தாளை மாற்றித் தாருங்கள் என்றேன். கண்ணாடி முன் நின்று பழகிய வாக்கியம்.

"மாத்தவே வேண்டாங்க. அது நாங்க நினைக்கிறது, அவ்வளவுதான். எங்க சேக்கணும்னு முடிவு பண்றது நீங்க. வர்ற ஜனவரி கடைசிக்குள்ள."

"அப்ப ஒன்பது பேர் எதுக்குக் கையெழுத்து போட்டிருக்கீங்க?"

"ஒன்பது பேர் பாடம் நடத்துறோமே."

பிறகு சொன்னார்: "கணக்குல அவ கெட்டிக்காரி, எனக்குத் தெரியும். ஆனா லிசேயோல முதல் வருஷமே லத்தீன், இலக்கியம், வரலாறு. மொழி பிடிபடாத பிள்ளைங்க அழுதுகிட்டே வெளிய வர்றதப் பாத்திருக்கேன். ஒரு வருஷம் வீணாப் போயிடும்."

ஏதாவது பொய் அகப்படுமா என்று கவனித்துக் கேட்டேன். அகப்படவில்லை.

டிசம்பர் 20

வெட்கம். பை இன்னும் சமையலறையில் அப்படியே இருக்கிறது.

ஜனவரி 8

கட்டளை என்றால் எதிர்க்கத் தெரியும். நீயே முடிவு செய் என்றால்?

மல்ஹாஸ் தொழிற்பள்ளிப் பக்கம். மீன் கிடங்கில் நின்று நின்று கால் வீங்கியவனுக்குச் சம்பளம்தான் முதலில் தெரிகிறது. "பட்டினி கிடக்கிற சமையக்காரன எங்கயாவது பாத்திருக்கியா?"

"அவளுக்குச் சமைக்க வராது."

"உனக்கும்தான் வராது. நான் இருபது வருஷமா சாப்பிடலையா?"

நான் பட்டம் வாங்கினேன். இங்கே ஒரு பல் மருத்துவமனையில் தரை துடைக்கிறேன். அதை அவன் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்கு நன்றி.

ஜனவரி 17

சாப்பாட்டு மேசையில் மறுபடியும் அதே பேச்சு. தெக்லே முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீ, அப்பா, டீச்சர், எல்லாரும் என்னப் பத்தியே பேசறீங்க. எங்கிட்ட யாராவது கேட்டீங்களா?"

கேக்கல. ஒரு மாசமா கேக்கவே இல்ல நான். ஆசிரியைகிட்ட கேட்டேன், புருஷன்கிட்ட கேட்டேன். அவ ஒருத்திய விட்டுட்டேன் — எப்படி விட்டேன்?

லோஸ்பல்லூத்தோ சொன்னதை எல்லாம் சொன்னேன், ஒரு வருடம் வீணாகலாம் என்பது உட்பட. அவள் முகம் மாறியது. "டீச்சரே அப்படிச் சொன்னாங்களா?" அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறைத்திருக்கலாமோ?

ஜனவரி 22

நாளை பத்து மணிக்குப் பள்ளி அலுவலகத்தில் கணினியில் படிவம் நிரப்புவார்கள். நீ சொல்வதுதான் என்று தெக்லேவிடம் சொல்லிவிட்டேன். என்ன சொல்லப் போகிறாள் என்று சொல்ல மாட்டேன் என்கிறாள். நான் வாயே திறக்க மாட்டேன் என்றதும் மல்ஹாஸ், "அத நேர்ல பாக்கணுமே, லீவு போடட்டுமா?" என்றான்.

ஜனவரி 23

குமாஸ்தா என்னைப் பார்த்துக் கேட்டார், முதல் விருப்பம் எது என்று. நான் தெக்லேவைப் பார்த்தேன்.

"அறிவியல் லிசேயோ" என்றாள்.

"டீச்சருங்க வேற பள்ளி எழுதியிருக்காங்களேம்மா?"

"தெரியும்."

அவர் தட்டினார். இரண்டாவது விருப்பம் என்றதும், தொழிற்பள்ளியின் பெயரை அவளே சொன்னாள். யாரும் வாதாடவில்லை. கையெழுத்துப் போட மட்டும் என்னைக் கூப்பிட்டார்கள்.

வெளியே மாடிப்படியில் நின்று கேட்டாள்: "லத்தீன் ரொம்பக் கஷ்டமாம்மா?"

"தெரியாது. நான் படிச்சதில்ல."

"சரி" என்றாள். மூன்றாவது பாடவேளையில் அவளுக்கு வரலாற்றுத் தேர்வு. ஓடிப் போனாள். நான் வேலைக்கு இருபது நிமிடம் தாமதம்.