பம்புக்குப் பின்னால் என் பெயர்

அன்பின் அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம், மாமி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிதான் என் பசியால் நலிந்துவிட்டது. மொன்றியல் கல்லூரி எனக்குப் பிடித்திருக்கிறது. பிரெஞ்சுக்குத்தான் என்னைப் பிடிக்கவில்லை.

சின்ன வயதில், நீங்கள் வேலை பார்க்கும் கிரீனொக் கப்பல் பட்டறை வாசலுக்கு என்னைக் கூட்டிப்போவீர்கள். வெளியேறும் ஒவ்வொரு கப்பலையும் காட்டி, “உன்ர பேரை இதுக்குள்ள வெல்டிங்கில எழுதியிருக்கிறன்” என்பீர்கள். நானும் நம்பிக் கையசைப்பேன். வளர்ந்த பிறகு சந்தேகம் வந்தது: எழுத்தா, ஏய்ப்பா?

போன மாதம் நீங்கள் பழுது பார்த்து அனுப்பிய சிவப்புக் கப்பல் சனிக்கிழமை இங்கே வந்தது. துறைமுக வேலியோரம் நின்று எட்டி எட்டிப் பார்த்தேன். காவலாளி விரட்டினார், அதை அம்மாவுக்குச் சொல்லவேண்டாம். நான் தமிழில் முணுமுணுத்ததைக் கேட்டு, அந்தக் கப்பலிலிருந்து கரைக்கு வந்த தூத்துக்குடி மாலுமி ஒருவர் நின்றார்.

“என்ன தம்பி தொலைச்ச?”

“என்ர பேரை, அண்ணை. உங்கட கப்பலுக்குள்ள இருக்கு.”

சிரித்தார். ஆனால் என் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார். மாலையில் படம் வந்தது. இயந்திர அறையில், பம்புக்குப் பின்னால், கோணல் எழுத்தில் ‘ஆரூரன்’!

அப்படியென்றால் மற்றக் கப்பல்களிலும் இருக்கிறேனா? இந்த நேரம் எந்தெந்தக் கடலில் மிதக்கிறேன்? தெரிந்தவரை எழுதுங்கள்.

உங்கள் பழைய வெல்டிங் கையுறைகளை அனுப்பிவிடுங்கள். குளிருக்குத்தான். கழுவவேண்டாம்.

அந்தக் கப்பல் வசந்தத்தில் உங்கள் பட்டறைக்குத் திரும்புகிறதாம். பம்புக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். என் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் பெயரையும் ‘ஆனந்தராசா’ என்று பெயின்டால் எழுத அந்த மாலுமியிடம் சொல்லியிருக்கிறேன். அவ்வளவு தூரம் நான் தனியாக மிதக்கக்கூடாது, பாருங்கள்.

மெட்ரோவுக்கு நேரமாகிறது, ஓடுகிறேன்.

ஆரூரன்