விழுந்தவனைத் தூக்குகிற ஆட்டம்

அந்த ஆட்டத்தை மூடிவிட்டார்கள், பாய். நாம் மூன்று பேரும் போனில் விளையாடிய துப்பாக்கி ஆட்டம். போதிய ஆள் சேரவில்லை, சர்வரை நிறுத்துகிறோம், இத்தனை காலம் விளையாடியதற்கு நன்றி என்று கம்பெனிக்காரன் நாலு வரி போட்டான். சொன்ன நாளில் திறந்து பார்த்தேன். கறுப்புத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவ்வளவுதான்.

இன்று காலை கல்லாவைச் சுத்தம் செய்தபோது ரப்பர் பேண்டுகளுக்கு அடியில் ஒரு துணித்துண்டு கிடந்தது. கட்டைவிரல் உறை. பம்பாய்ப் புழுக்கத்தில் விரல் வியர்த்துத் திரையில் வழுக்குகிறது, குறி தப்புகிறது என்று நான் புலம்பியபோது, குர்லாவில் உன் பை தைக்கிற கார்கானாவில் உள்துணி வெட்டி மிஞ்சியதை எடுத்து மூன்று பேருக்கும் நீயே தைத்துக் கொடுத்தாய். மூக்கருகே கொண்டுபோனால் இன்னமும் பை ஒட்டும் சொல்யூஷன் நாற்றம். அதை மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். சரக்கு எடுக்க வந்தவன், "என்ன அண்ணாச்சி, வெரல்ல காயமா?" என்றான். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

நீ கண்ணை மூடியது போன வருஷ மழைக்காலத்தில். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. யாரிடமாவது சொல்ல வேண்டும். சொல்லக்கூடிய ஆள் நீ ஒருவன்தான், அதுதான் சிக்கல்.

செல்வராஜும் நானும் முன்பு எப்படி இருந்தோம் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். தாராவியில் என் கடைக்கு நேர் எதிரே அவன் கடை. இரண்டிலும் ஒரே சரக்கு: ஜிப், ஜிப்பை இழுக்கிற ரன்னர், பக்கிள், பைக்கு வேண்டிய சில்லறைச் சாமான்கள். நடுவில் ஒரு கைவண்டி போகிற அகலத்துக்குத் தெரு. அவன் படியில் யார் ஏறுகிறான் என்று நான் பார்ப்பேன், என் படியில் யார் ஏறுகிறான் என்று அவன் பார்ப்பான். பேச்சு கிடையாது. நீ இரண்டு பேரிடமும் வாங்குவாய்.

லாக்டவுனில் எல்லாம் பூட்டிக் கிடந்தபோது ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு இந்த ஆட்டத்தை இறக்கச் சொன்னாய். மூன்று பேர் அணி, மூன்றாவது ஆள் தெரிந்த பையன்தான் என்றாய். யார் என்று சொல்லவில்லை. அவனிடமும் சொல்லவில்லை. முதல் ஆட்டத்தில் காதில் ஒரு குரல் கேட்டது.

"யாருலே அது, தண்ணித் தொட்டிப் பக்கம் நிக்கது?"

எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நான் இருமினேன். அந்த இருமலில் அவனுக்கும் தெரிந்துவிட்டது.

"எதிர்க்கடையா?" என்றான்.

நீ சிரித்தாய். "இங்க எதிர்க்கடைன்னு ஒண்ணும் கெடையாது மக்கா. சுடுதவன் அந்தா மலைக்கு மேல இருக்கான். ரெண்டு பேரும் அங்கன பாருங்க."

கடைகள் திறந்த பிறகும் அது நிற்கவில்லை. மதியம் மூன்று மணி, தெருவே சாப்பிட்டுக் கிறங்கிக் கிடக்கிற நேரம். நீ குர்லாவில், நாங்கள் எதிரெதிரே அவரவர் கல்லாவில், காதில் ஒயரோடு. அந்த ஆட்டத்தில் சுடப்பட்டவன் உடனே சாவதில்லை, முழங்காலில் விழுந்து ஊர்ந்துகொண்டே இருப்பான். அணியில் ஒருவன் அருகே வந்து கைகொடுத்தால் எழுவான். வராவிட்டால் போனான். இந்த ஒரு விதியை வைத்து நீ நடத்திய வியாபாரம் இருக்கிறதே!

"பாய், விழுந்துட்டேன். கெணத்துப் பக்கம். வா."

"வாறேன், வாறேன். பித்தளைக் கலர் ரன்னர் புது லாட்டு எறங்கிருக்காமே?"

"ரத்தம் போயிட்டிருக்கு, இப்ப வந்து ரன்னரா?"

"மொதல்ல எனக்கா, செம்பூர் பார்ட்டிக்கா? அதச் சொல்லு."

"ஒனக்குத்தான், வந்து தொல!"

"செல்வம், நீ சாட்சி."

"சாட்சி பாய்," என்று சிரித்துக்கொண்டே அவனும் சுடப்பட்டு விழுவான். நீ இரண்டு பேருக்கும் நடுவில் குந்திக்கொண்டு, யாரை முதலில் தூக்குவது என்று ஏலம் விடுவாய்.

எனக்குப் புரியாமல் இல்லை. சரக்கு விற்கிற இரண்டு பேரும் ஒரே காதில் இருந்தால் எவனும் விலையை ஏற்ற முடியாது. திலக் நகர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது உன்னிடம் நேரடியாகவே கேட்டேன். நீ மழுப்பவில்லை. "ஆமா, லாபந்தான். லாபம் இல்லாம எவன் மக்கா ரெண்டு பேரச் சேத்து வைப்பான்? கல்யாணத் தரகனே சும்மா செய்ய மாட்டான்."

லாபம் எங்களுக்கும் இருந்தது. அவன் வாடிக்கைக்காரன் தவறி என் படியில் ஏறினால், "நீங்க எதிர்க்கடை ஆளுல்லா" என்று அனுப்பிவிடுவேன். அவனும் அப்படியே. அவனிடம் சரக்கு இல்லாத நாளில் மூன்று மணிக்குக் காதிலேயே கேட்டுக்கொள்வேன்: "உன் பார்ட்டி வந்தான், குடுக்கட்டுமா?" "குடுங்க அண்ணாச்சி." முடிந்தது. இத்தனைக்கும் ஒரு தடவைகூட நான் அவன் கடைக்குப் போனதில்லை, அவன் என் கடைக்கு வந்ததில்லை. தெருவில் பார்த்தால் தலையை ஆட்டுவோம். அதில் ஏதோ கோணல் இருக்கிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உன் மய்யித்து அடக்கத்துக்கு ஒரே ஆட்டோவில்தான் வந்தோம். மறுவாரம் மூன்று மணிக்கு நான் ஆட்டத்தைத் திறந்தேன், அவனும் திறந்திருந்தான். மூன்றாவதாக ஆட்டமே யாரோ ஒரு வெளியூர்க்காரனைச் சேர்த்துவிட்டது. விளையாடினோம். உன்னைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் நான் விழுந்தால் அவன் வந்தான், அவன் விழுந்தால் நான் போனேன். அப்படியே ஓடிவிடும் என்று நினைத்திருந்தேன்.

பிறகுதான் மூடினார்கள்.

அதே மாதிரி வேறு ஆட்டம் தேட ஆரம்பித்தேன். இந்த வயதில் போனில் "அதைப் போல துப்பாக்கி ஆட்டங்கள்" என்று தட்டிக்கொண்டிருந்தேன். சிரிக்காதே. ஊரெல்லாம் பட்டியல் போட்டு வைத்திருக்கிறான், எல்லாவற்றையும் அப்படியே அச்சு என்கிறான். சரக்கைப் பிரித்துப் பார்த்தால்தானே தெரியும்.

முதலில் இறக்கியது பார்க்க ஜோர். புல் அசைவதுகூடத் தெரிந்தது. ஆனால் செல்வத்தின் போன் தாங்கவில்லை. "அண்ணாச்சி, இதுல தோசை வாக்கலாம், அவ்ளோ கொதிக்கி," என்றான். கூட வருகிறவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். இந்தியில் அவர்கள் திட்டுகிற திட்டைக் கேட்டுக் காது கூசியது. அடுத்ததில் எதிரே நிற்பவன் எவனும் மனிதன் இல்லை. கம்ப்யூட்டரே ஆள் அனுப்பும், அவன் வந்து சுடு என்று நெஞ்சைக் காட்டுவான். தொடர்ந்து ஜெயித்தோம். ஜெயிக்க ஜெயிக்கச் சலித்தது. இலவசமாகக் கொடுத்த சரக்கை வாங்கினவனே மதிக்க மாட்டான், அது மாதிரி.

மூன்றாவதுதான் ஏமாற்றியது. அதே மலை, அதே துப்பாக்கி, அதே மாதிரி கிணறுகூட இருந்தது. கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். செல்வம் விழுந்தான்.

"அண்ணாச்சி, விழுந்துட்டேன். தூக்குங்க."

"இதுல தூக்க வேண்டாம் செல்வம். கொஞ்ச நேரத்துல தானா எந்திச்சிருவ."

அப்படித்தான் அந்த ஆட்டத்தின் விதி. விழுந்தவன் மறைந்து, ஆரம்பித்த இடத்தில் புதுசாக முளைப்பான். அவனும் முளைத்தான். முளைத்த இடத்திலேயே நின்றான்.

"அப்ப நாம ரெண்டு பேரு எதுக்கு?" என்றான் கடைசியில்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல, வெளாடுங்க."

மறுநாள் அவன் வரவில்லை. கடையில் கூட்டம் என்று செய்தி அனுப்பினான். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். எதிரே கல்லாவில் ஒற்றை ஆளாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். நான் பார்ப்பது அவனுக்கும் தெரியும். அதோடு மூன்று மணி ஆட்டம் நின்றது.

அடுத்து மழை. அவன் கிடங்குக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஜிப் கட்டுகள் எல்லாம் நனைந்தன என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அந்த வாரம் அவனுடைய தேவ்நார் பார்ட்டி என் படியில் ஏறி, அவசர ஆர்டர், சரக்கு வேண்டும் என்றான். நான் கொடுத்தேன். இதில் என்ன தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை, பாய். செல்வத்திடம் சரக்கு இல்லை. நான் கொடுக்காவிட்டால் தேவ்நார்க்காரன் மாஹிமில் வாங்குவான். ஆனால் முன்பு என்றால் மூன்று மணிக்குக் காதில் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். இப்போது மூன்று மணியே இல்லை. தெருவைத் தாண்டிப் போய்ச் சொல்லலாமே என்பாய். எழுந்தேன், செருப்பையும் மாட்டினேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

தேவ்நார்க்காரன் ஜிப் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கியதைச் செல்வம் பார்த்தான். சத்தம் போடவில்லை. கிடங்கு சரியானதும் புதுச் சரக்கு இறக்கி, வாங்கின விலைக்கும் கீழே விற்க ஆரம்பித்தான். என் வாடிக்கை ஒவ்வொருத்தனாகத் தெருவைத் தாண்டினான். நானும் இறக்கினேன். அவன் இன்னும் இறக்கினான். தெருவே வேடிக்கை பார்த்தது. வருகிறவன் எல்லாம் என்னிடம் அவன் விலையைச் சொல்லி, அவனிடம் என் விலையைச் சொல்லி, இரண்டு பக்கமும் அள்ளிக்கொண்டு போனான். இரண்டு பேரும் ஊர்ந்துகொண்டிருந்தோம், பாய். கடை வாசலில் மட்டும் விளக்கு எரிந்தது.

உன் கார்கானாவை இப்போது உன் வீட்டம்மா, பாபிதான் பார்க்கிறார். உன்னைவிடக் கெட்டி. ஒரு நாள் ஆர்டர் சொல்லப் போன் பண்ணினார். இருக்கிறதிலேயே குறைந்த விலையைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"அண்ணே, நான் ஒண்ணு கேக்கட்டா? நீங்க ரெண்டு பேரும் எம்புட்டு நாளைக்கு இப்படி விப்பிய?"

"உங்களுக்கு லாபந்தான பாபி?"

"இந்த மாசம் லாபம். ரெண்டு பேரும் கடையப் பூட்டினதுக்குப் பொறவு நான் யார்கிட்டப் போயி வாங்க? எவனோ ஒருத்தன் வருவான், அவன் வச்சதுதான் வெல. அவுக இருந்தா இத நடக்க விட்டிருப்பாகளா?"

நீ இருந்தால் விட்டிருக்க மாட்டாய். அதுதான் அன்றிலிருந்து என்னைக் குடைகிறது. நீ இருக்கிற வரை இருந்தது, நீ போனதும் போனது என்றால், செல்வத்துக்கும் எனக்கும் நடுவில் இருந்தது என்ன? நட்பா, நீ கட்டி வைத்த ஏற்பாடா? சரக்கு நல்லதா கெட்டதா என்று தொட்டுப் பார்த்துச் சொல்வேன். இதைச் சொல்ல வரவில்லை.

மறுபடியும் தேடினேன். பட்டியல்களின் அடியில், யாரும் எட்டிப் பார்க்காத ஒரு பழைய ஆட்டம் இருந்தது. ஏதோ சின்னக் கம்பெனி. மனிதர்கள் அட்டைப்பெட்டிக்குக் கால் முளைத்த மாதிரி நடக்கிறார்கள். தனியாகப் போய்ப் பார்த்தேன். போன கையோடு விழுந்தேன். முகம் தெரியாத ஒருத்தன், என்ன பாஷையோ பேசிக்கொண்டு, குண்டு மழைக்குள் ஓடி வந்து என்னைத் தூக்கினான். தூக்கி முடிப்பதற்குள் இரண்டு பேரையும் சுட்டுவிட்டார்கள். போனை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

நீ சொல்வாயே: "விழுந்தவன்கிட்ட நேரா ஓடாத மக்கா. சுட்டவன் அங்கனயே காத்துக்கெடப்பான். சுத்திப் போ." அதனால் தெருவைத் தாண்டிச் செல்வத்தின் படியில் ஏறியதும் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை.

"என்ன அண்ணாச்சி, வழி தவறி வந்துட்டியளா?" என்றான், தலையைத் தூக்காமலே.

"கிடங்கு காஞ்சுதா?"

"மழ நின்னு எவ்ளோ நாளாச்சு. இப்பந்தான் கேக்கத் தோணிச்சாக்கும்."

"நனைஞ்ச சரக்கு?"

"துரு ஏறிட்டு. காயலாங்கடைக்குப் போட்டாச்சு."

உட்காரச் சொல்லவில்லை. நானே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். டீயும் சொல்லவில்லை. எடுத்து நீட்டினேன் போனை. "இதுல விழுந்தா தூக்கணும்."

வாங்கிப் பார்த்தான். "படம் அசிங்கமா இருக்கு."

"அசிங்கந்தான்."

"பாய் பாத்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு."

போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"அந்த தேவ்நார் பார்ட்டிய நான் கூப்பிடல, செல்வம்."

"கூப்பிட்டியன்னு நான் சொல்லலியே. நான் தண்ணிக்குள்ள நிக்கேன். ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா."

"எங்க வச்சுச் சொல்ல?"

அவன் தெருவைப் பார்த்தான். நானும் பார்த்தேன். ஒரு கைவண்டி போனது.

மன்னித்தான் என்று எழுத மாட்டேன். நான் மன்னிப்பும் கேட்கவில்லை. இரண்டு பேரும் வியாபாரிகள், ஆனமட்டும் பேரம் பேசினோம். எங்களுக்கு நடுவில் இருந்தது நட்பா, நீ கட்டி வைத்த ஏற்பாடா என்ற கேள்வியை நான் இன்னும் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன். பதில் கிடைக்கிற வரை அதைக் கீழே வைக்க வேண்டாம் என்றும் இருக்கிறது.

பேசி முடித்தது இது. வாங்கின விலைக்குக் கீழே இருவரும் இறக்கக் கூடாது. ஒருவன் வாடிக்கை மற்றவன் படியில் ஏறினால், தெருவைத் தாண்டிப் போய் வாயால் சொல்ல வேண்டும், போனில் செல்லாது. செவ்வாய்க்கிழமை மட்டும், மூன்று மணிக்கு, இரண்டு ஆட்டம். விழுந்தவனைத் தூக்கியே ஆக வேண்டும். மைக்கை இருவரும் மூடித்தான் வைக்க வேண்டும். அது அவன் போட்ட நிபந்தனை, நான் ஒப்புக்கொண்டேன். ஒரு மாதம் பார்ப்பது. ஒத்துவரவில்லை என்றால் நிறுத்திவிடுவது, யாரும் யாரிடமும் காரணம் கேட்கக் கூடாது.