மட்டக் குதிரைக்கு எதற்கு லாடம்

நவ. 9, ஞாயிறு
விடியலிலிருந்து தூறல். கொட்டகையின் மேற்கு மூலை ஒழுகுகிறது. தார்ப்பாய் வேண்டும் என்று இவரிடம் சொல்வது நான்காவது தடவை. காதில் விழுந்தால்தானே.

சுல்தானின் முன்னங்கால் குளம்பில் கோடு மாதிரி ஒரு கீறல். இவருக்குப் பாதி உயிர் போய்விட்டது. மார்வாரி, ஜாதிக் குதிரை, வாங்கி ஆறு மாதம்தான். வெள்ளைக் குளம்புக்குப் பலம் குறைவு, அந்த ஜாதிக்கென்று தனி லாடம் உண்டு என்று பெரம்பலூரில் யாரோ சொன்னார்களாம்.

வாங்க: கொள்ளு, தவிடு, வேப்பெண்ணெய், எனக்கு மூட்டுவலி மாத்திரை.

நவ. 10, திங்கள்
மழை. இடுப்பு விட்டுப்போகிறது. சுல்தானின் சிமெண்டுத் தரையை இரண்டு தடவை கழுவித் துடைத்தேன். குளம்புக்கு எண்ணெய். என் பித்தவெடிப்புக்கு இத்தனை எண்ணெய் போட்டதில்லை.

செவலை மேற்கு மூலைச் சேற்றில். ஏழு வருஷமாகக் கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளைகளைச் சுமப்பவள். நாட்டு மட்டக் குதிரை, ஒன்றும் ஆகாது. தவிடு வைத்துவிட்டு வந்தேன்.

நவ. 12, புதன்
திருச்சியிலிருந்து குதிரை பார்க்கிற டாக்டரம்மா. இவர் கெஞ்சிக் கூப்பிட்டது. சுல்தானின் நான்கு காலையும் தூக்கிப் பார்த்தார். கீறல் மேலோட்டம்தானாம். இவர் விடவில்லை.

"இந்த ஜாதிக்குன்னு தனி லாடம் உண்டாமே, டாக்டர்?"

"குளம்புல ஜாதியெல்லாம் இல்லீங்க. எந்தத் தரையில எவ்வளவு நடக்குதுங்கிறதுதான்."

வெள்ளையோ கறுப்போ பலம் ஒன்றுதானாம். தார் ரோட்டில் நிறைய நடந்தால் லாடம். இல்லையென்றால் ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை குளம்பைச் சீவினால் போதும். தினமும் அடியைச் சுத்தம் செய்ய வேண்டியது எல்லாக் குதிரைக்கும். இவர் முகம் தொங்கிப்போனது. தனி லாடம் இல்லை என்பதில் அவ்வளவு வருத்தம்.

கிளம்பும்போது டாக்டரம்மா செவலையைப் பார்த்தார். ஏன் காலை மாற்றி மாற்றி நிற்கிறது என்றார். மட்டம் அப்படித்தான் நிற்கும் என்றேன். நான்தான் சொன்னேன்.

பின்னங்காலைத் தூக்கிக் குளம்பில் கத்தி வைத்ததும் நாற்றம். கறுப்பாகக் கூழ் மாதிரி வழிந்தது. உள்ளே வரை அழுகல்.

"இதுக்குக் கடைசியா எப்பங்க குளம்பு பாத்தீங்க?"



நவ. 13, வியாழன்
ஊசி. அயோடின் வைத்துப் பஞ்சு அடைத்திருக்கிறது. நொண்டியாகிவிடுவாளா இல்லையா என்பது பதினைந்து நாள் கழித்துத்தான் தெரியுமாம்.

செவலையைச் சிமெண்டுத் தரைக்கு மாற்றினோம். சுல்தான் தாழ்வாரத்தில். ஞாயிறு ஜெயங்கொண்டம் கல்யாணத்துக்குக் குதிரை வராது என்று சொல்லியாயிற்று. இவர் தார்ப்பாயோடு வந்தார். கோபமாக வருகிறது. இவர் மேல் பாதி. மீதி என் மேல்.

நவ. 14, வெள்ளி
மழை விட்டது. ரோட்டில் மறுபடி சிமெண்டு லாரிகள். துணி நனைந்தது நனைந்தபடி கிடக்கிறது.

இவர் அரியலூர் போய்விட்டார், மருந்து வைக்க நான் மட்டும். ஏழு வருஷத்தில் செவலையின் காலை நான் தூக்கியதே இல்லை. உதைப்பாள் என்று பயம். மெதுவாகக் கணுக்காலில் கை வைத்தேன், அவ்வளவுதான். அவளாகவே தூக்கிக் கொடுத்தாள்.