தாத்தாவுக்குச் சாட்சி

வியாழன், இரவு

இன்று என் தாத்தாவின் பெயரை நானே படித்தேன். போன வருடம் முதியோர் வகுப்பில் சேரும் வரை என் பெயரையே எனக்குப் படிக்கத் தெரியாது.

கோயில் கல்லில் நெல்லித்தோப்பின் பழைய குடும்பங்களைப் பொறிக்கப் போகிறார்கள். அதில் நாங்கள் இல்லை. நேற்று கேட்டதற்கு, கோயில் கமிட்டித் தலைவன் தணிகாசலம், "டவுன் பதிவுல உங்காளுங்க யாருமே இல்ல பெருசு. நீங்க வெளியூர்லேர்ந்து வந்தவங்க" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தான்.

இன்று காலையில் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண், "அந்தக் காலத்துல உங்க தெரு உழவர்கரையோட இருந்துச்சுங்க ஐயா. அப்புறந்தான் டவுன்ல சேத்தாங்க" என்று உழவர்கரையின் பழைய பதிவேட்டை எடுத்தாள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலம்; என் அப்பா பிறந்ததைப் பிரெஞ்சில் எழுதியிருந்தார்கள். கீழே தாத்தா தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். அய்யாக்கண்ணு. அதற்கும் கீழே சாட்சிக் கையெழுத்து, பக்கத்து வீட்டுத் தணிகாசலம். கமிட்டித் தலைவனுக்கு அவன் தாத்தா பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்!

நகலோடு நேராகக் கோயிலுக்குப் போனேன்.

"எங்கப்பன் பொறந்ததுக்கு உன் தாத்தாதான் சாட்சி. நான் வெளியூருன்னா நீ எந்த ஊருப்பா? நாங்க எங்கயும் நவுரல. எல்லையைத்தான் மாத்திப் போட்டாங்க."

தணிகாசலம் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கல்லுல எடமில்லையே" என்றான்.

"தலைவர்னு போடற உன் பேரைச் சின்னதாப் போடு, எடம் வரும்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அங்கே கிடந்த சாக்பீஸை எடுத்து, தாத்தாவின் பெயரைக் கல்லில் பெரிதாக எழுதிவிட்டு வந்தேன். நாளைக் காலையில் பெயர்களைப் பொறிக்க உளிக்காரர் வருவார். அதற்குள் தணிகாசலம் அழித்தால் மறுபடியும் எழுதுவேன்.