பதினோரு ‘கூடாது’

உன் பச்சை மைப் பேனா இன்றும் என் கைப்பைக்குள் கசிந்துவிட்டது. சீசன் டிக்கெட் முழுக்கப் பச்சை. திட்டலாம் என்றால் நீ இல்லை. நீ இறந்துபோய் இரண்டு வருடமாகியும் விடாமல் மை நிரப்பி வைத்திருப்பவள் நான்தான். இருக்கட்டும், இன்று நான் அழப்போவதில்லை. உன்னிடம் சொல்ல ஒரு வெற்றி இருக்கிறது.

கும்மிடிப்பூண்டி ரயிலில் நாம் கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போன அந்தக் காலை நினைவிருக்கிறதா? பொன்னேரியில் ஏறிய நீ, என் மடியிலிருந்த தாள்களைப் பிடுங்கினாய். தொழிலகப் பாதுகாப்பு என்று நான் நடத்தக் கேட்டு வாங்கிய விருப்பப் பாடத்தின் பாடத்திட்டம். அதை எடுத்தவர்களில் பாதிப் பேர் தேறவில்லை. இன்னொரு முறை இப்படி ஆனால் பாடத்தையே நீக்கிவிடுவோம் என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார்.

“இன்னாடி இது, பாடத்திட்டமா, ஸ்டேஷன்ல ஒட்டற நோட்டீஸா? மொதப் பக்கத்துலயே பதினோரு ‘கூடாது’ கீது. ‘வா’ன்னு ஒண்ணுகூட இல்ல!”

“கணக்கு டீச்சர் கணக்கப் பாரு” என்றேன். எனக்கு உண்மையாகவே கோபம். தாள்களைப் பறித்துப் பைக்குள் திணித்தேன்.

நீ விடவில்லை. மதியம் என் வருகைப்பதிவேட்டோடு வந்து நின்றாய். “டெஸ்டெல்லாம் திங்கக்கெழமயே வெச்சிக்கிற. ஞாயித்துக்கெழம ராத்திரி டூட்டி முடிச்சிட்டு, கம்பெனி பஸ்ஸுலேர்ந்து எறங்கி நேரா வருதுங்க பசங்க. தூங்கிக்கினே எழுதுனா எப்படிடி பாஸாவும்?”

அந்தப் பேருந்துகளை வருடக்கணக்காகப் பார்த்தவள் நான். எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது.

இருவரும் உட்கார்ந்து திருத்தினோம். மாணவர்களின் ஷிஃப்ட் அட்டவணையைக் கேட்டு வாங்கிய பிறகே தேர்வு நாட்களைக் குறித்தோம். புத்தகத்தைப் பார்த்து எழுதும் கட்டுரைக்குப் பதிலாக, அவரவர் வேலையிடத்தில் கண்ட ஓர் ஆபத்தைப் பற்றிய அறிக்கை. முதல் வரியில் ஒரு கேள்வி: ‘உன்னோடு வேலை செய்பவரின் கையைக் காப்பாற்ற உனக்குத் தெரியுமா?’ அது வகுப்புக்குப் போவதற்குள் நீ போய்விட்டாய்.

இப்போது கேள். அந்த வருடம் எல்லாரும் தேறினார்கள், ஒருவர் விடாமல்! போன மாதம் ஒரு மாணவி ஓடிவந்தாள். “மேடம், நான் எழுதுன ரிப்போர்ட்ட சூப்பர்வைசர்கிட்ட காட்டுனேன். தகடு அழுத்துற பிரஸ் மெஷினுக்கு, கை உள்ள போகாம தடுப்பு போட்டுட்டாங்க!” நேற்று பாடத்திட்டக் குழுவில் அந்த அறிக்கையைத்தான் படித்துக் காட்டினேன். நீக்கிவிடுவோம் என்ற அதே துறைத்தலைவர், இனி இது எல்லாருக்கும் கட்டாயப் பாடம் என்றார். அந்தத் தீர்மானத்தில் உன் பேனாவால்தான் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து முதல் பக்கத்தை மறுபடி எண்ணினேன். பதினோரு ‘கூடாது’களில் பத்தை நீ அன்றே பச்சை மையால் அடித்துவிட்டாய். மிச்சமிருக்கும் ஒன்று, நீ போன பிறகு நான் மாற்றி எழுதியது: ‘ஆபத்தைப் பார்த்துவிட்டு, நமக்கென்ன என்று வாயை மூடிக்கொண்டு இருக்கக்கூடாது.’

அன்று ரயிலில் நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், இந்தப் பாடமே இருந்திருக்காது.